லாண்ட்மாஸ்டரும் மண்புழுவும்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ லாண்ட்மாஸ்டர் எனப்படும் பழைய இரு சில்லு உழவு இயந்திரம் ஒன்றை விலைபேசப் போகிறவர் இயந்திரம் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். கூடப் போகிறவர் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பார். அது குளிர்ந்திருக்க வேண்டும். விற்கிறவர் முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால், காலையில் இது எளிதில் ஸ்டார்ட் ஆகாது என்பது அப்போதே தெரிந்துவிடும். பிறகு கைபிடியைச் சுழற்றிப் பார்ப்பார். கைக்கு நல்ல எதிர்ப்புத் தெரிய வேண்டும். லேசாகச் சுற்றினால் அமுக்கம் போய்விட்டது என்று பொருள். புகை நீலமாக வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது, பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. கறுப்பாக வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை. அது பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய குறை. கியர் பெட்டிக்குக் கீழே கசிவு உண்டா, பெல்ட்டுகள் வெடித்திருக்கின்றனவா, மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் கத்திகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன, வாகனப் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் விலைப் பேச்சு தொடங்கும்.

இவ்வளவும் அவசியமான கேள்விகள். ஆனால் இவற்றுக்கு இடையில் ஒரு கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. இதைக் கொண்டுபோய் நம் தோட்டத்து மண்ணை எத்தனை தடவை கிளறப்போகிறோம்? விவசாயத் திணைக்களத்து உத்தியோகத்தர் கேட்க வேண்டிய கேள்வியாக இது தோன்றலாம். உண்மையில் சமயங்கள் இந்தக் கேள்வியோடு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன.

அசுவகோசர் இயற்றிய ‘புத்தசரிதம்’ என்ற வடமொழிக் காவியத்தின் ஐந்தாம் சருக்கத்தில், இளவரசர் சித்தார்த்தர் நகருக்கு வெளியே உழவு நடக்கும் நிலத்தைப் பார்க்கிறார். கலப்பை புரட்டிப்போட்ட மண்ணில் புல்லும் புழுபூச்சிகளும் சிதைந்து கிடக்கின்றன. உழவர்கள் வெயிலிலும் காற்றிலும் புழுதியிலும் நிறம் மாறிப்போயிருக்கிறார்கள். நுகத்தில் கட்டிய மாடுகள் களைத்து நிற்கின்றன. இம்மூன்றையும் கண்டு அவர் மனம் கலங்குகிறது. அதன்பிறகே நாவல் மரத்தடியில் அமர்ந்து தியானத்தில் ஆழ்கிறார். புழு, மனிதன், மாடு என்ற மூன்று துயரங்களையும் ஒரே பார்வையில் வைத்ததுதான் இந்தக் காட்சியின் பெருமை. புழுவுக்கு இரங்குகிறவர்கள் உழவனை மறந்துவிடுவது உலகில் அடிக்கடி நடக்கிறது. உழவனுக்கு இரங்குகிறவர்கள் புழுவை நினைப்பதே இல்லை.

பௌத்த விநயத்தில் இந்த இரக்கம் சட்டமாகவே ஆனது. பிக்கு நிலத்தைத் தோண்டக்கூடாது, பிறரைத் தோண்டச் சொல்லவும் கூடாது. பாசித்திய விதிகளில் பத்தாவது இது. ஆளவி என்ற ஊரில் பிக்குகள் கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது, உயிருள்ளதைத் துன்புறுத்துகிறார்களே என்று மக்கள் குறை சொன்னதிலிருந்து இந்த விதி பிறந்ததாக விநயம் கூறுகிறது. ஆனால் பிக்குவும் சாப்பிட வேண்டும். அவருடைய பாத்திரத்தில் விழும் சோறு யாரோ உழுத வயலில் விளைந்தது. தோண்ட வேண்டிய தேவை இருந்தால், கட்டளையாகச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்தலாம் என்ற வழியும் விட்டுவைக்கப்பட்டது. ஒருவர் தோண்டாமல் இருப்பதற்கு இன்னொருவர் தோண்டிக்கொண்டிருக்க வேண்டும் என்ற உண்மையை விநயம் மூடி மறைக்கவில்லை.

இல்லறத்தாருக்கு உழவு விலக்கப்படவும் இல்லை. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்கும் தொழில்கள் வேண்டாம் என்று அங்குத்தர நிகாயம் சொல்கிறது. அந்தப் பட்டியலில் உழவு இல்லை. நஞ்சு இருக்கிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

சமணம் இன்னும் கடுமையானது. இல்லறத்தார் தவிர்க்க வேண்டிய பதினைந்து தொழில்களில் மண்ணைப் பிளக்கும் தொழிலையும் சமண நூல்கள் சேர்த்திருக்கின்றன. ஆனாலும் மனிதருக்கு உழவைக் கற்றுத் தந்தவரே முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதர் என்று அதே சமயம் போற்றுகிறது. தமிழ்நாட்டில் வந்தவாசி, செஞ்சி வட்டாரங்களில் வாழும் தமிழ்ச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாக உழவர்கள். இதை முரண்பாடு என்று தள்ளிவிடுவது எளிது; ஆனால் அது மேலோட்டமான முடிவு. வேண்டுமென்றே கொல்வது வேறு, வாழ்வதற்கான தொழிலில் தவிர்க்க முடியாமல் நேரும் கொலை வேறு என்று சமணம் பிரித்தது. முன்னதற்கு இடமே இல்லை. பின்னதற்கு இடம் உண்டு. ஆனால் அதைக் குறைத்துக்கொண்டே வரும் பொறுப்பு இல்லறத்தாருடையது. அப்படிப் பார்த்தால், பாவமா புண்ணியமா என்ற கேள்வி நின்றுபோய், எவ்வளவு என்ற கேள்வி எழுகிறது. உழவுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய திருக்குறளிலும் இந்த அளவுணர்வு இருக்கிறது. உழுவதைவிட எருவிடுவது நல்லது என்று 1038ஆம் குறள் சொல்கிறது. உழவைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் நூலே, உழுதால் மட்டும் போதாது என்கிறது.

இனி இயந்திரத்துக்கு வருவோம். இதை வடிவமைத்தவரே இந்தக் கேள்வியை முழு வலிமையோடு கேட்டார் என்பது இலங்கையிலேயே பலருக்குத் தெரியாது.

ரே விஜேவர்தன 1924இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர், விமானம் ஓட்டியவர், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் இலங்கைக்காகக் கலந்துகொண்டவர். எருமை கட்டி உழும் ஆசியச் சிறு விவசாயிக்கு ஏற்றதாக 1950களில் அவர் வடிவமைத்த இரு சில்லு உழவு இயந்திரம் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் தயாராகி லாண்ட்மாஸ்டர் என்ற பெயரில் வந்தது. அதன்பிறகு குபோட்டாவும் யன்மாரும் சீன இயந்திரங்களும் இறங்கிவிட்டன. ஆனால் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் எந்தக் கம்பனியின் இயந்திரமானாலும் அது லாண்ட்மாஸ்டர்தான்.

வெற்றியின் உச்சத்தில் இருந்தபோதுதான் விஜேவர்தன திரும்பிப் பார்த்தார். அமெரிக்காவில் தம் இயந்திரம் பற்றி அவர் பேசிய ஓர் அவையில், இதனால் விளைச்சல் கூடியதா என்று ஒருவர் கேட்டாராம். கூடவில்லை. வேலை விரைவாக முடிந்தது, அவ்வளவுதான். உழவுத் தொழிலை இயந்திரமயமாக்கிவிட்டதாக நினைத்திருந்தோம், உண்மையில் எருமையைத்தான் இயந்திரமாக்கியிருக்கிறோம் என்ற கருத்தை அவர் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். அதுவும் அரைகுறை எருமை. எருமை பால் தரும், சாணம் போடும், கன்று ஈனும், வயலோரப் புல்லைத் தின்று வயலிலேயே உழைக்கும். இயந்திரம் டீசலைக் குடிக்கும், தேயும். தாம் கண்டுபிடித்த பொருள் விற்றுக்கொண்டிருக்கும்போதே அதன் அடிப்படையைக் கேள்விக்கு உட்படுத்தும் நேர்மை எத்தனை பொறியியலாளருக்கு வாய்க்கும்!

அந்த மனமாற்றம் பேச்சோடு நிற்கவில்லை. நைஜீரியாவின் இபாடானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் பணியாற்றியபோது, உழாத நிலத்தில் தழை மூடாக்கின் ஊடாகவே விதையைக் குத்தி இறக்கும் உருளைக் கருவியில் அவர் உழைத்தார். இலங்கை திரும்பிய பின், சீமைக்கிளுவையை வரிசையாக நட்டு, கிளைகளை வெட்டி இடைவெளியில் பயிருக்குத் தழையாகப் போடும் முறையைப் பரப்பினார். வெப்பமண்டலத்தில் மேல்மண்ணைக் கிளறித் திறந்துபோட்டால் வெயில் அதன் உயிர்ச்சத்தை எரிக்கும், பெருமழை மிச்சத்தை அள்ளிக்கொண்டு போகும் என்பது அவருடைய வாதத்தின் மையம். கலப்பை குளிர்நாடுகளுக்குப் பொருந்திய கருவி. அங்கே உறைந்த மண்ணைத் திறந்து சூடேற்ற வேண்டியிருக்கிறது. நம் மண்ணுக்கு வேண்டியது நிழல். விஜேவர்தன 2010இல் மறைந்தார்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்த சங்கதி. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் போட்டவர்கள் மண்வெட்டியால் கொத்தி, பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்தி, மாட்டுப்பட்டி அடைத்து மண்ணை வளர்த்தார்கள். கொத்துவது கடுமையான வேலை. கடுமையாக இருந்ததாலேயே தேவைக்கு மேல் ஒருவரும் கொத்தவில்லை. முதுகுவலியே அளவுகோலாக இருந்தது. அதோடு, மண்வெட்டி பிடித்தவர் தான் வெட்டியது எது என்பதைக் கண்ணால் கண்டார். இரண்டாகத் துண்டுபட்ட மண்புழு நெளிவதைக் காணாமல் ஒரு பாத்தி கொத்த முடியாது. ரொட்டவேட்டருக்குப் பின்னால் நடப்பவர் காண்பதோ புட்டுமா போல் உதிர்ந்த மண்ணை மட்டும். மூடியின் கீழ்ச் சுழலும் கத்திகள் என்ன செய்கின்றன என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

அந்த மா போன்ற மண் பார்க்க அழகானது, ஆனால் ஏமாற்றுவது. சுழல் கத்தி ஒவ்வொரு தடவையும் 5, 6 அங்குல ஆழத்தையே தொடும். அதற்குக் கீழே, கத்தி நுனிகள் தட்டித் தட்டி மெழுகிய ஒரு கடினத் தட்டு உருவாகும். மேலே உதிர்ந்த மண் முதல் மழையில் கரைந்து ஏடுகட்டும். மழைநீர் இறங்க வழியில்லை, வேர் இறங்கவும் வழியில்லை. மண்புழு குடைந்த துளைகள்தான் நீருக்கும் காற்றுக்கும் வழி என்பதை டார்வின் 1881இல் மண்புழுக்களைப் பற்றி எழுதிய நூல் முதல் எத்தனையோ பேர் காட்டியிருக்கிறார்கள். கலப்பை பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே மண்புழு நிலத்தை உழுதுகொண்டிருந்தது என்பதும் டார்வின் சுட்டியதுதான். ஆகவே புழுவுக்கு இரங்குவது தோட்டக்காரருக்கு வெறும் தர்மகாரியம் அல்ல. அறமும் நலனும் இப்படி ஒரே இடத்தில் சேர்வது அபூர்வம். சேரும் இடத்தில் அதைக் கவனிக்காமல் போவது பெரிய இழப்பு.

வயல் வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். நெல்லுக்குச் சேறாக்கும்போது மண்ணின் கட்டமைப்பை வேண்டுமென்றே குலைக்கிறோம். தண்ணீர் கீழே இறங்காமல் நிற்பதற்காக. லாண்ட்மாஸ்டர் பிறந்தது அந்தச் சேற்றுக்காகத்தான். இரும்புக் கூட்டுச் சில்லுகளைப் பூட்டிச் சேற்றில் இறக்கினால் அது தன் வேலையைச் சரியாகச் செய்யும். அதே கத்தியை வெங்காயத் தோட்டத்துக்கும் கத்தரிப் பாத்திக்கும் கொண்டுவரும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது.

அப்படியானால் உழவே வேண்டாமா? மசனோபு ஃபுகுவோகா ஜப்பானில் அதைத்தான் சொன்னார், செய்தும் காட்டினார். 1975இல் வந்த அவருடைய ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ தமிழ் இயற்கை விவசாயிகளிடையே நன்கு அறியப்பட்ட நூல். ஆனால் உலகெங்கும் பரவிய உழாத வேளாண்மையின் பெரும்பகுதி ஃபுகுவோகாவின் வழியில் போகவில்லை. கலப்பை செய்த களை எடுக்கும் வேலையைக் களைக்கொல்லியிடம் ஒப்படைத்தது. மண்புழுவை வெட்டாமல் இருப்பதற்காக மண்ணுக்கு நஞ்சு அடிப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? உழவை விலக்காமல் நஞ்சு வணிகத்தை விலக்கிய அந்தப் பழைய பட்டியல் இங்கேதான் கைகொடுக்கிறது. உழாமலும் நஞ்சடிக்காமலும் விளைவிக்கத் தழை மூடாக்கும் பொறுமையும் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில், களைக்கொல்லிப் போத்தலைவிட ஒரு தடவை உழுவதே குறைந்த தீங்கு.

அசுவகோசரின் மூன்று துயரங்களில் இன்னொன்று மிச்சம் இருக்கிறது: மனிதன். மண்வெட்டியைப் புகழ்ந்து எழுதுகிறவர்களில் பலர் அதைப் பிடித்ததில்லை. நாட்டுக் கலப்பையின் சால் சுமார் 20 சென்ரிமீற்றர் அகலம் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கரை ஒரு தடவை உழ 20 கிலோமீற்றர் நடக்க வேண்டும். 60 சென்ரிமீற்றர் அகல ரொட்டவேட்டருக்கு அது 7 கிலோமீற்றருக்கும் குறைவு. போருக்குப் பிந்திய வன்னியில் பெண்கள் தனியாகத் தாங்கும் குடும்பங்கள் ஏராளம். கை கால் இழந்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாடு போய்விட, முதியவர்கள் மட்டும் பார்க்கும் தோட்டங்கள் இருக்கின்றன. கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. இவர்களிடம் போய் இயந்திரம் பாவம் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

காந்தியும் அப்படிச் சொல்லவில்லை. 1924இல் டெல்லியில் ராமச்சந்திரன் என்ற இளைஞர் அவரிடம், எல்லா இயந்திரங்களுக்குமே நீங்கள் எதிரியா என்று நேராகக் கேட்டார். பின்னாளில் திண்டுக்கல் அருகே சௌந்தரம் அம்மையாருடன் காந்திகிராமத்தை உருவாக்கிய ஜி. ராமச்சந்திரன்தான் அவர். இந்த உடம்பே ஓர் அருமையான இயந்திரம் என்றிருக்கும்போது எப்படி எதிர்க்க முடியும் என்று காந்தி பதில் சொன்னார். தம் எதிர்ப்பு இயந்திரப் பித்துக்கு என்று விளக்கி, சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கும் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சோர்வதைக் காணப் பொறுக்காமல் ஒருவர் செய்த கருவி அது என்பது அவர் காட்டிய நியாயம். ஓர் உடம்பின் வலியைக் குறைக்கும் அன்பு அந்தக் கருவிக்குப் பின்னால் இருக்கிறதா என்பதே அவர் வைத்த உரைகல். லாண்ட்மாஸ்டர் இந்த உரைகல்லில் தேறும். மாட்டின் துயரை அது அறவே நீக்கியது, மனிதனின் துயரைக் குறைத்தது. மூன்றாவதான புழுவின் துயரைக் கூட்டியதோடு கண்ணுக்கும் மறைத்துவிட்டது. அதனால் வாங்குவதா வேண்டாமா என்பதைவிட, வாங்கியவர் அந்த மூன்றாவதை எப்படித் தம் கணக்கில் வைத்துக்கொள்வது என்பதே உண்மையான வினா.

விடை இயந்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ரொட்டவேட்டர் அதன் ஓர் உறுப்பு மட்டும்; கழற்றி வைக்கலாம். பின்னால் பெட்டியைப் பூட்டினால் எருவும் குழையும் விறகும் நெல்லும் ஏற்றலாம். எஞ்சினிலிருந்து பெல்ட் போட்டால் தண்ணீர் இறைக்கலாம். ஊரில் கலியாணமோ செத்தவீடோ என்றால் பந்தல் சாமான் வருவது லாண்ட்மாஸ்டர் பெட்டியில்தான். 1995இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோதும், 2008, 2009இல் வன்னி மக்கள் ஊர் ஊராக ஓடியபோதும் கூரைத்தகடும் பாயும் கிழவியும் குழந்தையும் இந்தப் பெட்டிகளில் போனார்கள். உழவுக்காக வந்த இயந்திரம் எங்கள் மக்களுக்கு ஆற்றிய பெரிய உதவி உழவில் அல்ல, சுமப்பதில்.

தோட்டத்துக்கும் அதே கதைதான். பத்துப் பெட்டி எருவும் குழையும் ஏற்றிக்கொண்டு வரும் லாண்ட்மாஸ்டர் மண்ணுக்குச் செய்யும் நன்மையை, எருவில்லாமல் பத்துத் தடவை ஓடும் ரொட்டவேட்டர் செய்யாது. எருவே உயர்வு என்ற குறளின் கணிப்பு டீசல் எஞ்சினுக்கும் பொருந்துகிறது. புதுநிலத்தைத் திருத்தும்போது ஒரு தடவை, போகத் தொடக்கத்தில் தவிர்க்க முடியாவிட்டால் ஒரு தடவை, அதுவும் ஈரம் பக்குவமாக இருக்கும்போது மட்டும் கத்தியை இறக்கலாம். களை தெரிந்த போதெல்லாம், பொழுது போகாதபோதெல்லாம் இறக்குவதுதான் தவறு. முன்பு முதுகுவலி வைத்த அளவை இப்போது மனம் வைக்க வேண்டியிருக்கிறது. சமணர் இல்லறத்தாருக்கு விதித்த பயிற்சியும் அதுதான்: தவிர்க்க முடியாததைச் செய், அதற்கு மேல் கையை மடக்கு.

பழையதை வாங்குவதிலும் ஒரு நன்மை உண்டு. உருக்கிய இரும்பு உருக்கியதுதான். இருக்கும் இயந்திரத்தை இன்னும் பல ஆண்டு ஓட்டினால் புதியது ஒன்று வார்க்கப்படாமல் இருக்கும். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினை ஊர் மெக்கானிக்கே பிரித்துப் பூட்டுவார். இரண்டு மூன்று குடும்பங்கள் கூட்டாக வாங்கினால் செலவு குறையும். கத்திக்கு ஓய்வும் கிடைக்கும். ஒயில் மாற்றுவது யார் பொறுப்பு என்பதை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். ஆனால் 2022இல் இலங்கையில் டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாட்கணக்கில் வரிசை நின்றதை மறக்கக் கூடாது. எஞ்சினை மட்டும் நம்பிய தோட்டங்கள் அன்று தவித்தன. மண்வெட்டியை விற்றுவிடாதீர்கள்.

பழைய லாண்ட்மாஸ்டர் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரொட்டவேட்டரைவிடப் பெட்டியைக் கூர்ந்து பாருங்கள். அதன் அச்சு, கொளுவி, பிரேக் மூன்றும் சரியாக இருந்தால் கத்தி தேய்ந்திருப்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். சரிவில் இறங்கும்போது இடது பக்கக் கிளட்சைப் பிடித்தால் வண்டி வலது பக்கம் திரும்பும். சமதரையில் பழகியவர்களை இது கவிழ்த்திருக்கிறது. ஓட்டிப் பார்க்கும்போதே பழகிக்கொள்ளுங்கள். கத்தி சுழலும்போது ஒருபோதும் பின்னோக்கி எடுக்காதீர்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். வாங்கிக்கொண்டு வந்ததும் பெட்டியைப் பூட்டி முதல் நடையாக ஒரு பெட்டி மாட்டெரு ஏற்றி வாருங்கள். தோட்டத்தில் ஒரு மூலையை மட்டுமாவது இந்தப் போகம் உழாமல் விட்டுக் குழை போட்டு மூடுங்கள். அறுவடைக்குப் பிறகு இரண்டு பக்கத்து மண்ணையும் கையால் அள்ளிப் பாருங்கள்.